கிரேன் தூக்கிய உடும்பு

விமான நிலையத்தில் அவரைக் கிரேன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து முக்கி முனகித் தூக்குகிற பெட்டியை ஒற்றை ஆளாய்த் தோளில் ஏற்றி, விமானத்தின் வயிற்றுக்குள் தள்ளிவிட்டு, "அவ்வளவுதானா? இன்னும் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். சுமை ஏற்றும் பிரிவில் அவர் வைத்ததுதான் சட்டம். கேன்டீனில் அவர் எந்த மூலையில் உட்காருகிறாரோ அந்த மூலைக்கு மற்றவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

அந்த முதுகு கடைசியில் ஒரு பொம்மையிடம் தோற்றுப்போனது. யாரோ ஒரு குழந்தையின் கரடி பொம்மை தள்ளுவண்டியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. வழக்கம்போல விளையாடுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்ததைப் பார்த்த பிறகுதான் ஓடி வந்தார்கள். குனிந்த வாக்கிலேயே அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பெட்டிகளோடு பெட்டியாகக் கொண்டுபோனார்கள். கையில் அந்தக் கரடி அப்படியே இருந்தது.

முதுகெலும்பில் ஏதோ ஒரு வட்டு பிதுங்கிவிட்டது என்றார் மருத்துவர். "இனிமே மூட்டை முடிச்சு எதையும் தொடக்கூடாது. மத்தபடி நடக்கலாம், நிக்கலாம், சந்தோஷமா இருக்கலாம்" என்றார். சுமை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக மட்டும் எப்படி இருப்பதாம் என்று கிரேனுக்குப் புரியவில்லை.

மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு வேலைக்குப் போனபோது அவரை உயிரினக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஓடுபாதைக்குள் பறவை, விலங்கு எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிற பிரிவு அது. காக்காய் விரட்டுகிற வேலைதானே, பொழுது போன மாதிரியும் இருக்கும் என்று கிரேன் மனதைத் தேற்றிக்கொண்டார். அங்கே இன்னொரு வேலையும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டாவது மூட்டை தூக்கவே போயிருப்பார்.

ஏனென்றால் கிரேனுக்குப் பல்லி என்றால் பயம். அருவருப்பு என்று சொல்லிச் சமாளிக்கிற அளவு பயம் இல்லை, ஈரக்குலை நடுங்குகிற பயம். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது கூரையிலிருந்து ஒரு பல்லி அவருடைய சட்டைக் காலருக்குள் விழுந்து முதுகு நெடுக ஓடியது. சட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுப் பள்ளிக்கூடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அன்றிலிருந்து பல்லி, ஓணான், அரணை என்று அந்தச் சாதியில் எதைப் பார்த்தாலும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக் குளியலறையில் பல்லி இருந்தால் அது வெளியேறும்வரை குளிக்க மாட்டார். மனைவி துடைப்பத்தோடு வந்து, "இவ அப்பாவுக்கு வழி விடு சாமி" என்று பல்லியிடம் சொல்லிவிட்டு மகளைப் பார்த்துக் கண்ணடிப்பாள். கல்லூரியில் படிக்கிற மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இந்த ரகசியம் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

புதுப் பிரிவில் அவருக்குத் துணையாகக் கிடைத்தவர் ஜீப்பக்கா. பிரிவின் ஒரே ஜீப்பை ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், எதற்கும் பதறாதவர். ஜீப்பை விட்டு இறங்குவதற்கு ரொம்பவும் யோசிப்பார். அதனால் இறங்குகிற வேலையெல்லாம் கூட வருகிற ஆளுடையது.

வேலை கிரேனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. விடிந்ததும் ஓடுபாதையின் ஓரமாக ஜீப்பில் ஒரு சுற்று. விமானங்களுக்கு நடுவிலேயே அத்தனை வருஷம் இருந்தும் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இப்படியொரு உலகம் இருப்பது அவருக்குத் தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்வெளி. புல் வெட்டும் டிராக்டருக்குப் பின்னால் வெள்ளைக் கொக்குகள் வரிசை கட்டி நடந்து, கிளம்புகிற வெட்டுக்கிளிகளைப் பொறுக்கும். ஆள்காட்டிக் குருவிகள் தரையில் முட்டையிட்டுவிட்டு, ஜீப் வந்தால் ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தும். மேலே பருந்துகள் வட்டமடிக்கும். ஒலிபெருக்கியில் சத்தம் எழுப்பியும் வேட்டுக்குழாயை வெடித்தும் அவற்றைக் கலைக்க வேண்டும். கொக்குகளை விரட்டக் கிரேன் வேறொரு வழி வைத்திருந்தார். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, தானே ஒரு பெரிய பறவைபோல மெதுவாக நடப்பார். கொக்குகள் முறைத்துப் பார்த்துவிட்டு எழும்பிப் போகும்.

"உங்களைப் பாத்தா அதுங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்குபோல. கடன் கேக்க வர்றீங்கன்னு நினைச்சுப் போயிடுது" என்பார் ஜீப்பக்கா.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, இளவெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து வாக்கிடாக்கியில் செய்தி வந்தது. ஓடுபாதையின் நடுவில் ஏதோ கிடக்கிறது, டயர்த் துண்டு மாதிரி தெரிகிறது, போய்ப் பாருங்கள் என்றார்கள். ஜீப் பக்கத்தில் போனதும் அந்த டயர்த் துண்டு தலையைத் தூக்கியது.

உடும்பு. வாலோடு சேர்த்தால் ஓர் ஆள் நீளம் இருக்கும். தார் பிடித்து வைத்திருக்கும் சூட்டில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் படுத்திருப்பது போலப் படுத்திருந்தது. பிளந்த நாக்கை நீட்டிக் காற்றைத் துழாவிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

"இறங்கி லேசா விரட்டி விடுங்க தம்பி. சாது. கம்பால தரையில ரெண்டு தட்டு தட்டினா போயிடும்" என்றார் ஜீப்பக்கா.

கிரேன் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று மூளை சொன்னது. காலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. இத்தனை காலமாகச் சுவரில் விரல் நீளத்துக்குப் பார்த்துப் பயந்த உருவம், இப்போது அதே கண், அதே விரல், அதே கழுத்துத் துடிப்போடு, பத்து இருபது மடங்காய் வளர்ந்து எதிரில் கிடந்தது.

"முதுகு... முதுகு பிடிச்சுக்கிச்சுக்கா" என்றார்.

ஜீப்பக்கா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. தானே இறங்கி, நொண்டி நொண்டிப் போய்க் கம்பால் தரையைத் தட்டினார். உடும்பு மனமில்லாமல் எழுந்து, தோளை ஆட்டி ஆட்டிப் புல்லுக்குள் போய் மறைந்தது.

அதன் பிறகு எப்போதெல்லாம் உடும்பு வந்ததோ அப்போதெல்லாம் கிரேனின் முதுகும் பிடித்துக்கொண்டது. கொக்கு வந்தால் பிடிக்காத முதுகு, பாம்பு வந்தால்கூடப் பிடிக்காத முதுகு, நாலு காலோடு ஊர்கிற எதையாவது பார்த்தால் உடனே பிடித்துக்கொண்டது. ஜீப்பக்கா கண்டும் காணாமல் இருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறுவதைப் பார்த்துக் கிரேன் கூனிக் குறுகிப் போவார்.

கேன்டீனில் பழைய கூட்டாளிகள் வேறு சும்மா விடவில்லை. "என்ன கிரேன், பெட்டி தூக்கின கை இப்ப உடும்பு தூக்குதாமே? உடும்புப் பிடின்னா என்னன்னு இப்பத் தெரிஞ்சிருக்குமே!" என்பார்கள். அவர்கள் கேலி செய்ததில் தப்பில்லை, பாசமாகத்தான் செய்தார்கள். ஒரு உடும்பையும் தான் தொட்டதே இல்லை என்பதுதான் கிரேனைக் குத்தியது. வீட்டிலோ அவர் வாயே திறக்கவில்லை. "ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலை" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பல்லிக்குப் பயந்தவனை உடும்பு விரட்ட அனுப்பிவிட்டார்கள் என்பது மட்டும் மகளுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் துணிந்து அதிகாரியின் அறைக்குப் போனார். பிரிவின் அதிகாரி ஓர் இளம்பெண். தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். கட்டுக்கட்டாய் வலைகளும் சாக்குகளும் சுருக்குக் கம்பிகளும் மாட்டியிருந்த அந்த அறையில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான்.

"மேடம், எனக்கு வேற பிரிவுக்கு மாத்தல் வேணும்" என்றார் கிரேன்.

"ஏண்ணே, முதுகு ரொம்பப் படுத்துதா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தப் பெண் உண்மையான கவலையோடு கேட்டது அவரை என்னவோ செய்தது. "முதுகு இல்ல மேடம். பயம். எனக்குப் பல்லின்னாலே ஆகாது. இங்க வந்து பாத்தா..." என்று கையை அகல விரித்துக் காட்டினார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "எனக்குப் பிளேன்னா பயம்" என்றார்.

"என்ன மேடம்?"

"நிஜமாத்தாண்ணே. ஏர்போர்ட்ல வேலை பாக்குறேன். கேட்டா டிக்கெட்கூட சலுகையில கிடைக்கும். ஆனா அம்மா வீட்டுக்குப் பஸ்லதான் போறேன். ராவெல்லாம் உக்காந்து இடுப்பு ஒடிஞ்சு போகுது. தம்பி கல்யாணத்துக்குப் போனப்ப பஸ் பழுதாகி நின்னு, தாலி கட்டின பிறகுதான் போய்ச் சேந்தேன். இன்னும் என்கிட்ட அவன் சரியாப் பேசுறதில்ல."

"மேல போயிட்டா ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார் கிரேன், தானும் விமானத்தில் ஏறியதில்லை என்பதை மறந்து.

"உடும்பும் ஒண்ணும் செய்யாதுண்ணே" என்றார் டாக்டரம்மா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டோர் பிரிவில் ஓர் இடம் காலியாகப் போகிறது, மாற்றலுக்கு எழுதுகிறேன், அதுவரைக்கும் நீங்கள் பறவைகளை மட்டும் பாருங்கள், மற்றதை நானும் அக்காவும் பார்த்துக்கொள்கிறோம் என்றார். கிரேன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல வெளியே வந்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம். விடாமல் பெய்த மழை ஒரு காலையில் சட்டென்று விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது. இப்படிப்பட்ட நாளில் புல்வெளியில் இருக்கிற உயிரெல்லாம் ஈரம் காய வெளியே வந்துவிடும். டாக்டரம்மா விமான நிலையத்தின் மறுகோடியில், வடிகாலில் சிக்கிய ஒரு பாம்பைப் பார்க்கப் போயிருந்தார். ஜீப்பக்காவும் கிரேனும் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கொக்குக் கூட்டம் ஒன்றைக் கலைப்பதற்காக ஜீப்பைச் சற்றுப் புல்லுக்குள் இறக்கினார் ஜீப்பக்கா. பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்துகொண்டன. முறுக்க முறுக்க இன்னும் ஆழமாய்ப் போயின.

அந்த நேரம் பார்த்துக் கோபுரத்திலிருந்து குரல் வந்தது. ஓடுபாதையில் ஒரு விலங்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறங்க ஒரு விமானம் வந்துகொண்டிருக்கிறது, உடனே அகற்றுங்கள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் உடும்பு ஓடுபாதையின் நடுவில் வட்டமாக நடந்துகொண்டிருந்தது. நாலு எட்டு வைக்கும், நிற்கும், தலையைத் தரையில் மோதும். ஒவ்வொரு மோதலுக்கும் டங்கென்று ஒரு சத்தம். அதன் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெயிலில் பளபளவென்று ஒரு தகரடப்பா இருந்தது. கேன்டீன் குப்பையில் கிடந்த பால் டப்பா. உள்ளே ஒட்டியிருந்ததை நக்கத் தலையை விட்டிருக்கிறது; வெட்டிய மூடியின் விளிம்பு உள்பக்கமாய் மடங்கிக் கழுத்தைக் கவ்விக்கொண்டது. கண் தெரியாமல், பாதை தெரியாமல் எந்நேரம் நடந்ததோ.

ஜீப்பக்கா ஒலிபெருக்கியை அலறவிட்டார். டப்பாவுக்குள் இருக்கிற தலைக்கு எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறதென்று எப்படித் தெரியும்? அது இன்னும் வேகமாகச் சுற்றியது. கம்பால் தட்டி விரட்டவும் வழியில்லை. விரட்டினாலும் அது திரும்பவும் நடுவுக்கே வரும்.

ஜீப்பக்கா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். சேற்றில் கால் புதைந்தது. முழங்கால் மடங்க, "அம்மா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இருங்கக்கா" என்றார் கிரேன். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது.

புல்வெளியைக் கடந்து ஓடுபாதையில் ஏறி நடந்தார். பின்னால் ஜீப்பக்கா வாக்கிடாக்கியில் பேசுவது கேட்டது: ஆள் போயிருக்கிறார், விமானத்தை இறக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் பெரும் இரைச்சலோடு விமானம் இறங்காமலே மறுபடி மேலேறிப் போனது. இத்தனை பேர் நம்மால் வானத்தில் சுற்றுகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. கிரேன் நின்றார். உடும்பும் நின்றது, இரைச்சலில் வயிற்றைத் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு. அதன் விலா வேக வேகமாய் ஏறி இறங்கியது. இதற்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று கிரேனுக்குப் பட்டது. அதனால் அவர் பயம் குறைந்துவிட்டது என்றில்லை. ஆனால் முகத்துக்குப் பதில் ஒரு பால் டப்பா இருந்தது உதவியாக இருந்தது. அந்தக் கண்ணும் அந்த நாக்கும் வெளியே தெரிந்திருந்தால் அவர் கிட்டேயே போயிருக்க மாட்டார்.

டாக்டரம்மா செய்ததைப் பல தடவை ஜீப்பிலிருந்தே பார்த்திருக்கிறார். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை வால் தொடங்குகிற இடத்தில். முதுகைக் காப்பாற்ற மண்டியிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிடித்தார்.

குளிர்ச்சியாக, வழவழவென்று இருக்கும் என்று இத்தனை வருஷமாய் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. வெயிலில் காய்ந்த தோல் வெதுவெதுப்பாக, மணி மணியாய்க் கோத்த மாதிரி சொரசொரப்பாக இருந்தது. வால் சாட்டைபோல் சுழன்று தொடையில் ஒன்று வைத்தது. கண்ணில் பொறி பறந்தது. பிடியை விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழங்காலை ஊன்றி எழுந்து, ஓடுபாதையைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்துவிட்டார்.

"வந்துட்டேன்கா! வழி விட்டாச்சுன்னு சொல்லுங்க!" என்று கத்தினார்.

அடுத்த தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. கீழே விடலாம் என்று பார்த்தால் உடும்பு அவரை விடுவதாக இல்லை. இருட்டில் தவித்த உயிருக்குப் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. நாலு காலாலும் அவருடைய பச்சைச் சட்டையைக் கவ்விக்கொண்டு, டப்பாத் தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டது. இழுத்தால் சட்டை கிழிந்தது, நகம் தோலில் இறங்கியது. ஜீப்பக்கா சேற்றையும் முழங்காலையும் மறந்து, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்கக்கா! எடுத்து விடுங்க!"

"நான் எடுக்க மாட்டேன் தம்பி. பிள்ளை இப்பத்தான் தூங்குது."

டிராக்டர் வந்து ஜீப்பை இழுத்துவிட்டது. உடும்பை மார்பில் கட்டிக்கொண்டு, அசையாமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு கிரேன் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தார். கேன்டீனைத் தாண்டும்போது வாசலில் நின்ற பழைய கூட்டாளிகள் வாயைப் பிளந்தார்கள்.

டாக்டரம்மா அதற்குள் வந்திருந்தார். பணிமனையிலிருந்து தகரம் வெட்டும் கத்தரி வாங்கி வந்து, "அப்படியே பிடிச்சுக்கோங்கண்ணே. அசைய விடாதீங்க" என்றார். டப்பாவை மெல்ல மெல்ல நறுக்கினார். கழுத்தில் விளிம்பு பதிந்த இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தது. கடைசித் துண்டு கழன்று விழுந்ததும், கிரேனின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தத் தலை இருந்தது. உருண்டைக் கண் இரண்டு தரம் இமைத்தது. நீலம் பாய்ந்த நாக்கு நீண்டு வந்து அவர் மோவாயைத் தொட்டுவிட்டு உள்ளே போனது.

"மேடம்" என்றார் கிரேன் மெல்லிய குரலில். "இது என்னையப் பாக்குது மேடம்."

"யார்னு பாக்குதுண்ணே. பாத்துட்டுப் போகட்டும்."

காயத்தைக் கழுவி மருந்து போட்டுப் புல்வெளியின் ஓரத்தில் விட்டார்கள். அது திரும்பியே பார்க்கவில்லை. அது போய் மறைந்த பிறகு கிரேன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றிக் கமுக்கமாய்த் துணிக்கூடையின் அடியில் திணித்தார். மனைவி தையல் கடையில் துணி வெட்டுகிறவள். அவள் கண்ணிலிருந்து ஒரு கிழிசல் தப்புமா? சட்டையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் விரித்தாள்.

"இது முள்ளுல மாட்டின கிழிசல் இல்ல. ஆணியில மாட்டினதும் இல்ல. அஞ்சு கோடு வரிசையா இருக்கு. இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு. யாருங்க உங்களை இப்படிக் கட்டிப் பிடிச்சது?"

மகள் படித்துக்கொண்டிருந்ததை மூடி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

கிரேன் சொன்னார். பொம்மைக்கு அப்புறம் வந்த மாற்றல், பிடித்துக்கொண்ட முதுகு, பால் டப்பா, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை மகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் தாங்க முடியாமல் தரையில் உருண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அவர் முதுகுப் பக்கம் வந்து சட்டையில்லாத தோளைத் திருப்பி, நகக் கீறல்களைப் பார்த்தாள்.

"இத்தனை மாசமா தினம் பயந்து பயந்து போயிட்டு வந்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சிரிப்பீங்கன்னு..."

"சிரிப்போம்தான். சிரிச்சா என்ன? சிரிச்சிட்டு, போகாதீங்கன்னு சொல்லியிருப்பேன்ல?" என்றாள். கீறலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, "வலிச்சுதா?" என்றாள்.

"தொடையிலதான் வலி. வால்ல ஒண்ணு போட்டுச்சு பாரு, அப்பப்பா!"

அப்போதுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் சிரித்து ஓய நேரமானது. மறுநாள் மகள் கல்லூரி முழுக்க அப்பாவின் கதையைச் சொல்லியிருந்தாள். ஆனால் சொன்ன விதம் வேறு என்று கிரேனுக்குப் பிறகு தெரிந்தது. அவள் சொன்ன கதையில் உடும்பு முதலை அளவுக்கு இருந்தது. பல்லியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மாற்றல் உத்தரவு அடுத்த மாதம் வந்தது. ஸ்டோர் பிரிவு, உட்கார்ந்து பார்க்கிற வேலை, மின்விசிறிக்கு நேர்க் கீழே நாற்காலி. கிரேன் ஒரு முறை போய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தார். ஜன்னல் இருந்தது, அதற்கு வெளியே சுவர் இருந்தது. நேரே டாக்டரம்மாவிடம் போனார்.

"இருக்கட்டும் மேடம். நான் இங்கேயே இருக்கேன்."

"பயம் போயிடுச்சாண்ணே?"

"எங்க போச்சு! இன்னைக்குக் காலையிலகூட ஒண்ணு படுத்திருந்துச்சு. பாத்ததும் உள்ளுக்குள்ள அப்படியே ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஆனா இறங்கிட்டேன். பயமும் கூடவே இறங்கி வருது. வந்துட்டுப் போகட்டும்."

உண்மையும் அதுதான். பயம் அவரை விட்டுப் போகவில்லை. பிடிக்க வேண்டி வந்தால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிப்பார். ஜீப்பக்கா அதைப் பற்றிக் கேட்டால், "வெயில் கண்ணுல அடிக்குதுக்கா" என்பார். முதுகு மட்டும் அதன் பிறகு பிடித்துக்கொண்டதில்லை.

கேன்டீன்காரரோடு மட்டும் அவர் கொஞ்ச காலம் மல்லுக்கு நின்றார். காலி டப்பாக்களை அப்படியே வீசக் கூடாது, மிதித்துத் தட்டையாக்கிப் போட வேண்டும், குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும் என்றார். "உனக்கு வேற வேலை இல்லையா கிரேன்?" என்று கேன்டீன்காரர் சலித்துக்கொண்டார். கிரேன் வாதாடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தானே பின்பக்கம் போய், பழைய பலத்தையெல்லாம் காலில் இறக்கி, டப்பாக்களை ஒவ்வொன்றாய் மிதித்துத் தட்டையாக்கினார். சில நாளில் சுமை ஏற்றும் கூட்டாளிகளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கடைசியில் கேன்டீன்காரர் வெட்கப்பட்டு மூடிபோட்ட தொட்டிகள் வாங்கி வைத்தார்.

டாக்டரம்மா அந்த வருஷக் கடைசியில் முதல்முறையாக விமானத்தில் அம்மா வீட்டுக்குப் போனார். போகும்போதும் வரும்போதும் கண்ணைத் திறக்கவே இல்லையாம். ஜன்னலோர இருக்கையைப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டு, இருக்கையின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாராம். தம்பி வரவேற்க வந்திருந்தான் என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

அதற்கடுத்த மழைக்காலத்துக்குப் பின், வேலியோரத்துப் புல்லை வெட்ட டிராக்டர் வந்துகொண்டிருந்தது. முன்னால் நடந்து கல், கம்பி ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போன கிரேன், ஒரு கறையான் புற்றுக்குப் பக்கத்தில் சட்டென்று நின்று கையைத் தூக்கினார். மழையில் ஊறிய புற்றின் பக்கவாட்டில் ஒரு துளை. துளைக்குள்ளிருந்து விரல் பருமனுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது. கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டு வைத்தாற்போல் ஒரு குட்டி உடும்பு, முட்டையின் பிசுபிசுப்போடு வெளியே வந்து, உலகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புல்லுக்குள் ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று எட்டிப் பார்த்தது.

டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்தார். "என்னண்ணே?"

"பொறக்குதுங்க" என்றார் கிரேன். இரண்டடி பின்வாங்கி நின்றுகொண்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டித்தான் இருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலையே. உள்ள எத்தனை இருக்கோ."

டிராக்டர்காரர் இறங்கி வந்து பார்த்தார். பிறகு போய் இருக்கைக்கு அடியிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து வந்தார். இரண்டு பேரும் டிராக்டரின் நிழலில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்று புற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.